எண்ணை முடக்கினால் போதாது, விற்பவரைப் பிடியுங்கள்: டிராய்க்கு ஒரு திறந்த மடல்

இந்திய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

விற்பனை அழைப்புகளைத் தடுக்க நீங்கள் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. 2007-ல், விற்பனை அழைப்பு வேண்டாம் என்பவர்களுக்கான முதல் பதிவேடு வந்தது. 2010-ல் விதிகளை மாற்றி எழுதினீர்கள்; விற்பனை அழைப்புக்கென்று 140-ல் தொடங்கும் எண்கள் வந்தன. 2018-ல் மறுபடியும் புதிய விதிகள், 2025 பிப்ரவரியில் அதற்கும் திருத்தம். இத்தனைக்குப் பிறகும் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் போன் அடிக்கிறது. எடுத்தால், "சார், உங்களுக்கு பர்சனல் லோன் அப்ரூவ் ஆகியிருக்கு" என்கிறார்கள். இதற்குக் காரணமாக எனக்குப் படுவது ஒன்றுதான். உங்கள் விதிகள் அழைத்த எண்ணைத் துரத்துகின்றன. அந்த எண்ணை வைத்து வியாபாரம் செய்கிறவரின் வாசலுக்குப் போவதே இல்லை.

தெரியாத நம்பரை எடுக்காதீர்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. மாதச் சம்பளம் வாங்குபவர்களுக்கு அது சரிப்படலாம். எங்கள் தெருவில் ஒரு எலக்ட்ரீஷியன் இருக்கிறார். அவருக்கு வேலை வருவதே தெரியாத நம்பரில்தான். எங்கள் வீட்டில் ஏணி மேல் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. ஸ்க்ரூடிரைவரை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு கையால் ஃபேனைத் தாங்கியபடியே எடுத்தார். ஒரகடம் பக்கத்தில் பிளாட் இருக்கிறதாம், சைட் பார்க்க காரே அனுப்புகிறார்களாம். வேண்டாம் என்று வைத்துவிட்டு வயரை முறுக்குவதற்குள் அடுத்த அழைப்பு. அதையும் எடுத்தார், அது ஒரு வேலையாக இருக்கலாம் அல்லவா? லோடு ஆட்டோ ஓட்டுபவர், பிளம்பர், சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர், ஆஸ்பத்திரி வராண்டாவில் ரத்தம் கொடுக்க வருகிறவரின் அழைப்புக்குக் காத்திருப்பவர் என்று இப்படி எத்தனையோ பேர். இவர்கள் யாராலும் போனை எடுக்காமல் இருக்க முடியாது. இது வெறும் தொந்தரவு இல்லை. அடுத்தவர் வேலை நேரத்தைக் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்வது.

எந்த விளம்பரமும் வேண்டாம் என்று 1909 என்ற எண்ணில் பதிவு செய்திருக்கிறேன். அழைப்பு வரும்போது புகாரும் அனுப்புகிறேன். முதலில் ஒரு புகார் எண் வரும். அப்புறம் சில நாளில் ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி: தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது, புகார் முடிக்கப்பட்டது. என்ன நடவடிக்கை? யார் மேல்? எண்ணை முடக்கினார்களா, எச்சரித்து விட்டுவிட்டார்களா? எதுவும் தெரியாது. புகார் கொடுத்தவருக்கு இதைச் சொல்வதில் என்ன சிரமம் என்று எனக்குப் புரியவில்லை. அதைத் தமிழிலும் சொல்லலாம்.

2025 திருத்தத்தில் நல்ல விஷயங்கள் இருக்கின்றன. புகார் கொடுக்க 3 நாளாக இருந்த அவகாசம் 7 நாள் ஆனது. பதிவு செய்யாத விற்பனையாளர் மேல் நடவடிக்கை எடுக்க 30 நாள் இருந்தது, 5 நாளாகக் குறைந்தது. அந்த நடவடிக்கைக்கு முன்பு 7 நாளில் 10 புகார் சேர வேண்டியிருந்தது. இப்போது 10 நாளில் 5 சேர்ந்தால் போதும்.

சிக்கல் இந்த ஐந்து புகார் என்பதில்தான் இருக்கிறது. ஒரு மாடி அறையில் பத்துப் பேர் உட்கார்ந்து ஒரே கடனை, ஒரே மனைப்பிரிவை விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு மூன்று சிம், எல்லாம் சாதாரணப் பத்து இலக்க எண்கள். அழைக்கப்பட்டவர்களில் பெரும்பாலானவர்கள் திட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். புகார் அனுப்புகிறவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சப் புகாரும் இருபது முப்பது எண்கள் மேல் சிதறிப் போகிறது. எந்த எண்ணுக்கும் ஐந்து சேராது. சேர்ந்தாலும் முடங்குவது அந்த சிம்களும் அதை வாங்கியவரின் இணைப்புகளும்தான். கடனும் மனையும் யாருடையதோ அவருக்கு ஒரு கேள்வியும் வராது. அடுத்த வாரம் வேறொரு ஏஜென்ட் மூலம் அதே சரக்கு வரும்.

2024 ஆகஸ்டில் நீங்கள் கடுமையான உத்தரவு ஒன்று போட்டீர்கள். பதிவு செய்யாமல் விற்பனை அழைப்பு செய்பவர்களின் எல்லா இணைப்பையும் துண்டித்து, இரண்டு வருடம் கறுப்புப் பட்டியலில் வைக்கச் சொன்னீர்கள். செப்டம்பர் தொடக்கத்தில் நீங்களே கணக்கும் சொன்னீர்கள்: துண்டிக்கப்பட்ட இணைப்புகள் 2.75 லட்சத்துக்கு மேல், கறுப்புப் பட்டியலில் சேர்ந்த நிறுவனங்கள் ஐம்பது சொச்சம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லட்சக்கணக்கில் எண்களை வெட்டியபோது கையில் சிக்கிய பெயர்கள் அவ்வளவுதான். வெட்ட வெட்ட முளைப்பவை எண்கள். பெயரைப் பிடித்தால்தான் இது நிற்கும்.

இன்னொன்று. நான் கொடுக்கும் புகாரை விசாரிப்பதும் தொலைத்தொடர்பு நிறுவனம், அழைத்தவருக்கு மொத்தமாக இணைப்பு விற்றுப் பணம் பார்ப்பதும் தொலைத்தொடர்பு நிறுவனம். வேண்டாத அழைப்புகளின் எண்ணிக்கையில் அந்த நிறுவனம் தவறான கணக்குக் காட்டினால் 2 லட்சம், அடுத்து 5 லட்சம், அதற்கப்புறம் 10 லட்சம் என்று அபராதம் வைத்திருக்கிறீர்கள். அந்த நிறுவனங்களின் வருமானத்துக்கு முன்னால் இது எந்த மூலைக்கு?

கடன் கொடுப்பவர்கள், காப்பீடு விற்பவர்கள், வீடு கட்டி விற்பவர்கள் எங்கள் அதிகாரத்தில் வரமாட்டார்கள் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் ரிசர்வ் வங்கி, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி, காப்பீட்டு ஆணையம் எல்லாரையும் சேர்த்து ஒரு கூட்டுக்குழு உங்களிடம் இருக்கிறது. வங்கிகள் தங்கள் வாடிக்கையாளர்களைச் சேவை, பரிவர்த்தனை விஷயமாக 1600-ல் தொடங்கும் எண்ணிலிருந்துதான் அழைக்க வேண்டும் என்று தேதி குறித்துக் கொண்டுவர உங்களால் முடிந்தது. அதே மேஜையில் இதையும் வையுங்கள்: அழைப்பு எந்த நிறுவனத்தின் சரக்குக்காக வந்ததோ, அந்த நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும். "ஏஜென்ட் செய்தது, எங்களுக்குத் தெரியாது" என்ற பதில் செல்லக்கூடாது. 2024 ஜூனில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வரைவு வழிகாட்டுதலில், அழைப்பால் பலனடைபவரையும் சேர்த்துப் பிடிக்கும் எண்ணம் இருந்தது. அதற்கு நீங்கள் தோள் கொடுக்க வேண்டும்.

மனை விற்பவர்களுக்கு ரெரா சட்டம் இருக்கிறது. விளம்பரம் என்றால் பதிவு விவரம் அதில் இருக்க வேண்டும். போனில் பேசி விற்பதும் விளம்பரம்தானே? பதிவு எண்ணைக் கேட்டால் "சைட்டுக்கு வாங்க சார், பேசிக்கலாம்" என்கிறார்கள்.

என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் எல்லாரும் சொல்லும் பதில் ஒன்று: "சிஸ்டத்துல வருது சார்." சிஸ்டத்துக்கு எப்படி வந்தது? ஜவுளிக்கடையில் இரண்டு துண்டு வாங்கினாலும் பில் போடுபவர் போன் நம்பர் கேட்கிறார். பின்னால் நிற்கும் பத்துப் பேர் காதில் விழும்படி நாமும் சொல்கிறோம். நம்பர் தராவிட்டால் பில் போடமாட்டோம் என்று சொல்லக்கூடாதென்று 2023 மே மாதம் கடைகளுக்கு அரசு அறிவுறுத்தியது. கவுண்டரில் நிற்பவருக்கு அது போய்ச் சேரவில்லை. சம்மதம் இல்லை என்று நான் நிரூபிக்க வேண்டிய நிலை மாற வேண்டும். சம்மதம் எந்தத் தேதியில், எதற்காக, யாரிடம் பெறப்பட்டது என்று விற்பவர் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் அந்த அழைப்பு குற்றம்.

அழைத்துப் பேசும் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாள் முழுக்க வசை வாங்கிக்கொண்டு டார்கெட்டுக்காக உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். அவர்கள் கையில் பட்டியலைக் கொடுத்தவர் எங்கோ ஏசி அறையில் பத்திரமாக இருக்கிறார்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். புகாரில் எண்ணோடு சேர்த்து, என்ன சரக்கு, எந்த நிறுவனத்தின் பெயரில் பேசினார்கள் என்று பதிய ஒரு இடம் கொடுங்கள். ஐந்து புகார் என்பதை அந்த நிறுவனத்தின் பெயருக்கு எதிராக எண்ணுங்கள். என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று புகார் கொடுத்தவருக்கு அவர் மொழியில் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, யார் பெயரில் எத்தனை புகார், அதில் எத்தனை உறுதியானது என்று பட்டியலாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு அலைபேசிச் சந்தாதாரர்,
தாம்பரம்