கருவி போட்ட கோடுகள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரூப ஓவியர் நஸ்ரீன் முகமதியின் கோட்டோவியங்களை அளவுகோல் வைத்து இழுத்த உணர்ச்சியற்ற கோடுகள் என்று சென்ற இதழ்க் கட்டுரை ஒரே வரியில் ஒதுக்கிவிட்டதைப் படித்தேன். கணினி வருவதற்கு முன் தில்லியில் கட்டட வரைபடங்கள் போடும் டிராஃப்ட்ஸ்மேனாகக் காலம் தள்ளியவன் நான். கோடு இழுக்கும் ரூலிங் பேனாவும் இந்தியன் இங்க் என்னும் கறுப்பு மையும்தான் என் பிழைப்பு. அந்தப் பேனாவைப் பிடித்தவர்களுக்குத் தெரியும், அளவுகோல் திசையைத்தான் காட்டும், கோட்டைக் கைதான் போட வேண்டும். அதன் இரு அலகுகளுக்கிடையே மை ஒரு துளி கூடினால் தொடக்கத்திலேயே தேங்கிவிடும். கை தயங்கினால் கோடு தடிக்கும், விரைந்தால் நடுவில் அறுந்துபோகும்.

2013இல் சாகேத்திலுள்ள கிரண் நாடார் அருங்காட்சியகத்தில் அவருடைய படைப்புகளைக் காட்சிக்கு வைத்திருந்தபோது, விரித்த செய்தித்தாளுக்குள் அடங்கிவிடும் ஒரு தாளின் முன் நெடுநேரம் நின்றேன். சாய்வாக ஓடிய கோடுகளின் இடைவெளி மயிரிழை மயிரிழையாகக் குறுகிக்கொண்டே போய், ஓரிடத்தில் மை எது, பென்சில் எது என்று பிரிக்க முடியாமல் தாளின் வெண்மையில் கரைந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இப்படிப் பிசிறின்றி முடித்திருந்தால் மேலதிகாரி பாராட்டியிருப்பார். இது எந்தக் கட்டடம் என்றும் கேட்டிருப்பார்.

கட்டுரையின் பெரும்பகுதி நஸ்ரீனின் நோயும் தனிமையுமாகவே போய்விட்டது. 1937இல் கராச்சியில் பிறந்து, லண்டனிலும் பாரிசிலும் பயின்று, மும்பையில் அரூப ஓவியர் வி.எஸ். கைத்தொண்டேயின் நட்பைப் பெற்று, 1972 முதல் பரோடாவில் ஓவியம் கற்பித்தவர் அவர். ஓவியங்களில் உருவமும் கதையும் கோலோச்சிய அந்தப் பரோடாவில் இருந்துகொண்டே உருவம் எதுவுமின்றி வரைந்ததற்கு எவ்வளவு பிடிவாதம் வேண்டும் என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1990இல் மறைவதற்கு முந்தைய ஆண்டுகளில் நரம்பு நோய் அவரை வாட்டியது உண்மைதான். ஆனால் பெரும்பாலான படங்களுக்கு அவர் தலைப்பும் இடவில்லை, தேதியும் இடவில்லை என்னும்போது, ஒவ்வொரு கோட்டிலும் நோயின் தடத்தைத் தேடிக் கதை கட்டுவது துணிச்சலான காரியம்.

கட்டுரையோடு வந்த படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கியதில் பென்சில் கோடுகள் எல்லாம் புள்ளிகளாக உடைந்துவிட்டன. கட்டுரையாளரும் இப்படியோர் அச்சைப் பார்த்துத்தான் எழுதினாரோ என்னவோ! அடுத்த முறை நடுப்பக்கம் முழுவதையும் அந்த ஒரு படத்துக்கே ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன் ஒருவர்,
ஆர்.கே.புரம், புது தில்லி.