மெரினாவில் ஒரு தட்டு உப்புக்கறி

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மெரினா உணவுத் திருவிழாவுக்குப் போய்வந்தோம். தம்பி போட்டோ அனுப்பியிருப்பான். அதில் கூட்டம்தான் தெரியும், அதனால் நான் எழுதுகிறேன்.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் நடத்திய திருவிழா இது. டிசம்பர் 20-ல் தொடங்கி 24 வரை. 100-க்கும் மேற்பட்ட பண்டங்கள் என்றார்கள். மதுரை கறி தோசை, கரூர் தோல் ரொட்டி, மயிலாடுதுறை இறால் வடை, விருதுநகர் கரண்டி ஆம்லேட் என்று ஊர் ஊராகப் பலகை. அடுப்படியில் நின்றவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்களேதான். தம்பி நாமக்கல் கடைக்குப் பள்ளிபாளையம் சிக்கன் வாங்கப் போனவன், வெகுநேரம் ஆளையே காணோம். அவ்வளவு வரிசை. அம்மாவுக்கு நீலகிரிக்காரர்களின் ராகிக் களியும் அவரைக் குழம்பும் ரொம்பப் பிடித்துப்போனது.

அப்பத்தா மணலில் நடக்கச் சிரமப்பட்டாள். ஆனால் சிவகங்கை என்ற பலகையைப் பார்த்ததும் என் கையை விட்டுவிட்டு நேராக அங்கே போய்விட்டாள். மட்டன் உப்புக்கறி. உனக்குத் தெரியுமே, மசாலாப் பொடி எதுவும் விழாது. நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய், உப்பு, அவ்வளவுதான். கறியைச் சிறுசிறு துண்டாக நறுக்கி, தண்ணீர் சுண்டி எண்ணெய் பிரியும்வரை வதக்க வேண்டும். அப்பத்தா சட்டிக்குள் எட்டிப் பார்த்து, "மிளகா வெதையத் தட்டிப்புட்டுத்தானே போட்ட?" என்று கேட்டாள். "தட்டாமப் போட்டா ஒறப்பு ஏறிப்போகுமே அப்பத்தா" என்றது அந்தப் பெண். அதற்குமேல் இருவருக்கும் எங்கள் நினைப்பே இல்லை. எந்த ஊர், யார் வீடு, எந்தச் செக்கு எண்ணெய் என்று பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, நான்தான் அப்பத்தாவை நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைத்தேன்.

அவள் சாப்பிட்டதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நம் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு எல்லாவற்றுக்கும் சட்டி இறக்கியவள் அவள். பந்தியில் எல்லோரும் சாப்பாட்டைப் புகழ்வார்கள். சமைத்தவள் கடைசியாக, மிச்சம் இருப்பதைச் சாப்பிடுவாள். இங்கே அதே கறியைச் சமைத்த பெண், குழுவின் பெயரைப் பலகையில் எழுதி, கியூ.ஆர். அட்டையை முன்னால் வைத்து, எண்ணிக் காசு வாங்குகிறார். குழுக் கடனில்தான் பாத்திரம் வாங்கினார்களாம், இப்போது ஊரில் விசேஷங்களுக்கு ஆர்டர் எடுக்கிறார்களாம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு இந்தக் குழுக்களைத் தொடங்கினார்கள். அப்போது ஐம்பதும் நூறுமாய்ச் சேர்த்துப் பெண்கள் என்ன செய்துவிட முடியும் என்று பேசியவர்கள் உண்டு. அவர்களை அன்றைக்கு மெரினாவுக்குக் கூட்டிவந்து காட்டியிருக்க வேண்டும்.

உட்காருவதற்கு இன்னும் நிறைய இடம் போட்டிருக்கலாம். வயதானவர்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. மற்றபடி குறை இல்லை.

தென்காசிக் கடையில் உளுந்தங்களி சாப்பிட்டபோது எல்லோருக்கும் உன் ஞாபகம்தான். இடுப்பு வலிக்கிறது என்று போன வாரம் சொன்னாயே. அம்மா கறுப்பு உளுந்தைத் தோலோடு வறுத்துக் கொஞ்சம் பச்சரிசியும் சேர்த்து அரைத்துவிட்டாள். மாவும் கருப்பட்டியும் இந்த வாரம் பார்சலில் வரும். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டாமல் போட்டுவிடாதே, மண் இருக்கும். மாவைத் தூவும்போது ஒரு கை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், மாப்பிள்ளையைக் கூட நிறுத்திக்கொள். நல்லெண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். பக்குவம் பிடிபடவில்லை என்றால் வீடியோ காலில் அப்பத்தாவைக் கூப்பிடு ஆத்தா, காலையில்தான் அவளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. உப்புக்கறியையும் அப்படியே கேட்டு எழுதி வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா