‘மைல்ட்’ என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்

சிங்கப்பூரின் பல் மருத்துவர்களுக்கும், வாய்த்திசுவை ஆராயும் நோயியல் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

என் அப்பா நாற்பது வருடமாக வெற்றிலை போடுகிறவர். குட்கா, கைனி எல்லாம் 2016 ஆகஸ்டில் இங்கே தடைசெய்யப்பட்டபோது, “நான் புகையிலை போடுவதில்லையே” என்று நிம்மதியாக இருந்தார். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிவித்திருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

போன வருடம் அவர் கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. சுரண்டினாலும் போகவில்லை. சதை எடுத்துப் பார்த்தார்கள். ‘மைல்ட் டிஸ்பிளேசியா’, அதாவது புற்றாகக்கூடிய லேசான செல் மாற்றம், என்று அறிக்கை வந்தது. “மைல்ட்தான், கவலை வேண்டாம்” என்றார் மருத்துவர். அப்பா அன்று மாலையே தேக்கா சந்தைக்குப் பாக்கு வாங்கப் போய்விட்டார்.

அந்தச் சொல் எப்படி வருகிறது என்பதை நான் அப்புறம்தான் தேடிப் படித்தேன். செல்களின் கோளாறு மேல்படலத்தின் அடி மூன்றில் ஒரு பங்கோடு நின்றால் லேசானது, நடுப்பங்குவரை ஏறினால் மிதமானது, அதையும் தாண்டினால் கடுமையானது. செல் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறீர்கள். எல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்வது. கண்ணாடித் துண்டில் வைத்த ஒரே திசுவைப் பார்த்து ஒருவர் லேசானது என்பதை இன்னொருவர் மிதமானது என்கிறார். அதனால்தானே 2006-இல் இருபிரிவு முறை வந்தது? அடுக்கமைப்பில் 4, செல்லில் 5 மாற்றங்களாவது இருந்தால் அதிக ஆபத்து, இல்லையென்றால் குறைவு. அதுவும் கண்ணை நம்பித்தான். எடுத்த துணுக்குக்குப் பக்கத்திலேயே இன்னும் மோசமான இடம் இருக்கலாம். லேசானது புற்றாக மாறுவதும் உண்டு, கடுமையானது அப்படியே நிற்பதும் உண்டு.

உங்கள் திறமையை நான் சந்தேகிக்கவில்லை. தரம் பிரிப்பது கடினமான வேலை என்பதை எங்களிடமும் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். இரண்டு படிகளுக்கு நடுவே நிற்கும் துணுக்கை இன்னொருவரிடமும் காட்டுங்கள், அதை அறிக்கையில் எழுதுங்கள். திட்டு நாக்கின் ஓரத்திலா, நாக்கின் அடியிலா, சிவப்பு கலந்திருக்கிறதா என்பதையும் தரத்தோடு சேர்த்துப் பேசுங்கள்.

பெரியவர்களிடம் தமிழிலேயே, “இது புற்றுநோய் இல்லை, ஆனால் அங்கே போகக்கூடிய மாற்றம். பாக்கை இன்றே விடுங்கள், இந்தத் தேதியில் திரும்ப வாருங்கள்” என்று சொல்ல ஒருவரை வையுங்கள். அப்பாவுக்கு அன்று யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் பாக்குப் பையோடு வீடு திரும்பியிருக்க மாட்டார்.

அன்புடன்,
ஒரு மகள்