கருப்பை இறக்கம் பற்றியும் மகளிர் பக்கத்தில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு பதிப்பின் மகளிர் பக்கத்தைத் தவறாமல் படித்து வருபவள் நான். மார்பகப் புற்றுநோய், நீரிழிவு, மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லைகள் எனப் பலவும் அதில் வருகின்றன. ஆனால், நம் வீட்டுப் பெரியவர்கள் ‘அடி இறங்கிவிட்டது’ என்று தங்களுக்குள் மட்டும் கிசுகிசுக்கும் கருப்பை இறக்கத்தைப் பற்றி ஒரு பத்தியும் என் கண்ணில் பட்டதில்லை.

என் அம்மாவுக்கு இப்போது 74 வயது. நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். ஐந்து பிள்ளைகளையும் சுகப்பிரசவமாகப் பெற்று, பச்சைப் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, தோளில் சுமக்கும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளி தொங்க மேடும் பள்ளமும் நடந்தவர். சில ஆண்டுகளுக்கு முன், பொழுது சாய்ந்தால் காலை அகட்டி வைத்து நடக்கத் தொடங்கினார். சிறுநீர் கழிக்கப் போனால் திரும்பிவரக் கால்மணி நேரமாகும். கிளினிக்கிற்குப் போனபோது, மலாயில் பேசிய மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல உடன் சென்றவன் என் தம்பி. பெற்ற மகனிடம் அதைச் சொல்ல அம்மாவுக்கு நா எழவில்லை. ‘இடுப்பு வலி’ என்றார். மாத்திரையும் தைலமும் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு இப்படியே ஓடியது. சொல்லாததை மருத்துவர் எப்படி அறிவார் என்று கேட்கலாம். ஐந்து பிள்ளை பெற்ற, எழுபதை நெருங்கும் பெண் இடுப்பு வலி என்று வந்து நின்றால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பதுதான் என் ஆதங்கம். பின்னொரு நாள் தமிழ்த் தாதி ஒருவர் தம்பியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, “கழுவும்போது கீழே உருண்டையாக ஏதும் கையில் தட்டுப்படுகிறதா, அம்மா?” என்று கேட்டார். அம்மா தலையை மட்டும் அசைத்தாராம்.

இடுப்பெலும்புக் கூட்டின் அடியில் தூளிபோல் விரிந்திருக்கும் தசைகளும் தசைநார்களுமே கருப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குகின்றன. பிரசவத்தில், அதிலும் ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுக்கும்போது, அவை நைந்துபோகலாம். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் மேலும் தளர்கின்றன. தீராத மலச்சிக்கல், விடாத இருமல், உடல் பருமன், பாரம் தூக்கும் வேலை ஆகியவை மேலிருந்து அழுத்த, உறுப்புகள் பிறப்புறுப்புப் பாதைக்குள் சரிகின்றன. இறங்குவது கருப்பையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பலருக்கு முதலில் இறங்குவது சிறுநீர்ப்பைதான். கருப்பையை எடுத்துவிட்டவர்களுக்கும் இது வரலாம். அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையிலான பெண்களைப் பரிசோதித்த பெரிய ஆய்வொன்றில், கருப்பை உள்ளவர்களில் 100-க்கு ஏறத்தாழ 41 பேருக்கு ஏதோவோர் அளவு இறக்கம் காணப்பட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது லேசானதே. தொல்லை தராத இறக்கத்திற்குச் சிகிச்சையே தேவையில்லை.

இது புற்றுநோயும் அன்று. ஆனால், மாதவிடாய் நின்றபின் இரத்தம் பட்டால் அதை இறக்கத்தின் தலையில் போட்டுவிடாமல் உடனே காட்ட வேண்டும்.

இறங்கிவிட்டால் கருப்பையை எடுப்பதே வழி என்று நம்மவர்கள் நினைப்பதால்தான் பலர் வாயைத் திறப்பதில்லை. என் அம்மாவுக்குக் கத்தி படவில்லை. சிலிக்கான் வளையம் ஒன்றை உள்ளே பொருத்தினார்கள். பெசரி என்பது அதன் பெயர். வளையல்காரர் கையைப் பார்த்து அளவு எடுப்பதுபோல் ஒன்றிரண்டை வைத்துப் பார்த்து, இருமச் சொல்லி, நடக்கச் சொல்லி, சிறுநீர் கழித்துவரச் சொல்லி, நழுவாததையே வைத்தார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி, உள்ளே புண் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வறட்சிக்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பு தந்திருக்கிறார்கள். தைப்பூசத்தின்போது குயின் ஸ்திரீட்டிலிருந்து தண்ணீர்மலை வரை ரதத்தின் பின்னால் நடப்பதை நிறுத்தியிருந்தவர், இவ்வாண்டு பாதி வழி நடந்தார். மீதிக்குக் காரணம் முழங்கால்.

லேசான இறக்கத்திற்கு இடுப்படித் தசைப் பயிற்சி கைகொடுக்கும். சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் தசையை உள்ளிழுத்து, மூச்சை அடக்காமல் பத்து விநாடி வரை பிடித்து விடுவது. வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று நான்கு மாதம் விடாமல். சரியான தசைதான் இயங்குகிறதா என்பதை ஃபிசியோதெரபிஸ்ட் ஒருவர் பார்த்துச் சொல்வது நல்லது. முழுதும் வெளியே வந்துவிட்டதை இப்பயிற்சி மேலேற்றாது. அந்நிலையில் வளையமோ அறுவை சிகிச்சையோதான் வேண்டியிருக்கும். அறுவையிலும் கருப்பையை எடுக்காமல் மேலே இழுத்துத் தைக்கும் முறைகள் உண்டு. செய்தபின்னும் சிலருக்கு மறுபடி இறங்கக்கூடும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இறங்கிய உறுப்பைத் தாங்கப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் செயற்கை வலையின் விற்பனையை 2019 ஏப்ரலில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நிறுத்தச் சொன்னதால், வலை என்று யாரேனும் சொன்னால் எது, எவ்வழியாக என்று கேட்பதில் தவறில்லை.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம், மருந்துருண்டை, வயிற்றுக்கட்டு என்று நாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். அடித்தசையைப் பற்றி அவளிடம் பேசுவாரில்லை. கிளினிக்குகளில் இத்தகைய பெண்களைப் பிள்ளைகள் இல்லாமல் தனியே விசாரிக்கவும், மொழி தெரிந்த பெண் ஊழியர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளவும் சுகாதார அமைச்சு ஏற்பாடு செய்ய வேண்டும். மகளிர் பக்கத்தில் மகப்பேற்று மருத்துவர் ஒருவரைக் கொண்டு இதைப் பற்றித் தாங்களும் எழுத வையுங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால், அம்மா தாமே படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு