ஜான் பென் எந்திரங்களுக்குக் குதிரைத்திறன் மட்டும் எழுதினால் போதாது

பழைய நீராவிக் கப்பல் எந்திரங்களைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகத்தாருக்கு,

வணக்கம். லண்டனை அடுத்த கிரீனிச்சில் 1799இல் தொடங்கிய ஜான் பென் பட்டறையின் எந்திரம் பற்றிய குறிப்புகளில் பெரும்பாலும் ஆண்டும் குதிரைத்திறனும்தான் இருக்கின்றன. அந்த எந்திரம் ஏன் அப்படிப்பட்ட வடிவில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

போர்க்கப்பலில் குண்டு படாமலிருக்க எந்திரம் நீர்மட்டத்துக்குக் கீழே படுக்கைவாட்டில் கிடக்க வேண்டும். ஆனால் கப்பலின் அகலத்துக்குள் சிலிண்டர், பிஸ்டன் தண்டு, கனெக்டிங் ராடு (பிஸ்டனின் அசைவைக் கிராங்குக்குக் கொண்டுசெல்லும் தண்டு), கிராங்க் (அந்த அசைவைச் சுழற்சியாக மாற்றும் வளைதண்டு) எல்லாம் வரிசையாக அடங்காது. பட்டறையை நிறுவியவரின் மகனான, அதே பெயருடைய ஜான் பென், பிஸ்டன் தண்டையே எடுத்துவிட்டார். அதன் இடத்தில் பிஸ்டனோடு சேர்ந்தே நகரும் அகலமான குழாய் ஒன்றை வைத்து, கனெக்டிங் ராடை அதனுள்ளே விட்டு நேராகப் பிஸ்டனில் மாட்டினார். இதுதான் ட்ரங்க் எந்திரம். 1861இல் பணியில் சேர்ந்த பிரிட்டிஷ் போர்க்கப்பலான வாரியரில் சிலிண்டரின் விட்டம் 112 அங்குலம், குழாயின் விட்டம் 41 அங்குலம். குழாய் அடைத்த பரப்பைக் கழித்தால், 104 அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான சிலிண்டருக்குச் சமமான பரப்புதான் வேலை செய்தது.

குறைகளையும் மறைக்காமல் எழுதுங்கள். அவ்வளவு பெரிய குழாயைச் சுற்றி கிளாண்டை (நீராவி கசியாமல் தடுக்கும் அடைப்பை) இறுக்கினால் உராய்வு கூடும். தளர்த்தினால் நீராவி கசியும். குழாய் ஒவ்வோர் ஓட்டத்திலும் வெளிக்காற்றில் ஆறி உள்ளே திரும்புவதால் வெப்பம் வீணாகும். கனெக்டிங் ராடைப் பிஸ்டனோடு இணைக்கும் முளை குழாய்க்குள் கிடப்பதால், எந்திரம் ஓடும்போது அதற்கு எண்ணெய் விடுவது பெரும்பாடு. சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டுக்குச் சற்று மேலான அழுத்தம் வரை இதெல்லாம் சமாளிக்கக்கூடியதாக இருந்தது. 60 பவுண்டு அழுத்தமும் காம்பவுண்ட் எந்திரமும் (ஒரே நீராவியை அடுத்தடுத்த சிலிண்டர்களில் பயன்படுத்துவது) வந்த பின் ட்ரங்க் எந்திரத்துக்கு இடமில்லாமல் போனது. வாரியரில் இன்று நிற்பது மறுசீரமைப்பின்போது செய்த மாதிரி. அதன் பக்கத்தில் ஒரு வெட்டுத்தோற்றப் படம் இருந்தால் பார்ப்பவருக்கு எல்லாம் விளங்கிவிடும்.

எங்கள் கணிப்பில் பென்னின் ஆகப் பெரிய கொடை எந்திரமே அல்ல, ஒரு மரத்துண்டு. கப்பலின் பின்புறம் புரொப்பல்லர் தண்டைத் தாங்கிய பித்தளை பேரிங்குகள் கடல்நீரில் விரைவாகத் தேய்ந்தன. கப்பல் புரொப்பல்லரின் முன்னோடிகளில் ஒருவரான ஃபிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித்தோடு சேர்ந்து 1854இல் பென் அதற்குத் தீர்வு கண்டார்: தண்டைச் சூழும் உறையான புஷ்ஷின் உட்புறத்தில் லிக்னம் விட்டே என்னும் மிகக் கடினமான மரத்தின் பட்டிகளை இடைவெளி விட்டுப் பொருத்தினார். அந்த இடைவெளிகளில் ஓடும் கடல்நீரே மசகாகும். அந்த மரம் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். உங்களிடம் அசல் பட்டிகள் இருந்தால் வெயிலும் சூடான விளக்கும் படாமல் வையுங்கள்.

கிரிமியப் போர்க்காலக் கதையும் விட்டுப்போகக் கூடாது. பீரங்கிப் படகுகளுக்காக மாதிரி எந்திரங்களைப் பிரித்து, பாகங்களைப் பல பட்டறைகளுக்கு அனுப்பி, ஒவ்வொன்றிலும் அச்சு மாறாமல் 90 செய்யச் சொன்னார் பென். 60 குதிரைத்திறன் எந்திரங்கள் 90, தொண்ணூறே நாளில் தயாராயின. எல்லாப் பட்டறைகளின் திருகுகளும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஜோசப் விட்வொர்த் வகுத்த பொது மரை அளவு இல்லாமல் இது நடந்திருக்காது.

பட்டறை 1899இல் தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸோடு இணைந்து, பிறகு மூடப்பட்டது. ஆனால் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத் துடுப்புச்சக்கரக் கப்பலான டீஸ்பாரில் இருப்பது பென் பட்டறை 1841இல் செய்த, சிலிண்டரே ஊசல்போல் ஆடும் எந்திரம்தான். இந்த ஒரு வரியையாவது உங்கள் பலகையில் சேருங்கள்.

இப்படிக்கு,
கப்பல் எந்திர வரலாற்று ஆர்வலர்கள் சிலர்