புது ஆப் ஏன் இன்னும் வரவில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் பில் போடுகிற புது ஆப் வந்துவிடும் என்றீர்களே, எங்கே?" என்று இந்த இரண்டு வாரத்தில் உங்களில் பாதிப் பேர் போனில் கேட்டுவிட்டீர்கள். மீதிப் பேர் கேட்காமலே கோபத்தில் இருப்பீர்கள். நியாயம்தான். ஜூன் 14 இரவோடு தடை முடியும், 15-ஆம் தேதி விசைப்படகுகள் கடலுக்குப் போகும்போது உங்கள் போனில் புதுப் பதிப்பு இருக்கும் என்று சொன்னது நாங்கள். தள்ளிப்போட்டதும் நாங்கள்தான்.

ராமேஸ்வரத்திலிருந்து ஒருவர், "பாம்பன் புதுப் பாலத்தையே திறந்தாச்சு, உங்க ஆப்பைத் திறக்க முடியலையா?" என்றார். அண்ணே, அந்தப் பாலத்திலும் 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து ரயிலை ஓட்டிப் பார்த்தார். திறந்தது 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி. நடுவில் எத்தனை மாதம் என்று நீங்களே விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறோம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் இருக்கிறதே, அதற்குள் நிதானமாகச் சோதித்துவிடலாம் என்று கணக்குப் போட்டோம். அங்கேதான் தப்பு நடந்தது. விசைப்படகெல்லாம் நங்கூரம் போட்டுக் கிடக்கும்போது, மீனை ஏலம் விட்டுத் தரும் கமிஷன் கடையில் என்ன வேலை இருக்கும்? நாட்டுப்படகில் வந்த கொஞ்சம் நண்டு, கணவாய், சூடை, அவ்வளவுதான். ஒரு பில்லுக்கும் அடுத்த பில்லுக்கும் நடுவில் டீ குடித்துவிட்டு வரலாம். ஆப்பும் ஒரு குறையில்லாமல் ஓடியது. நாங்களும் மகிழ்ந்துபோனோம். ஆனால் டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) வாங்கிப் போன படகுகள் விடியற்காலையில் ஒரே நேரத்தில் கரைக்கு வந்து, இறால் ஒரு பக்கம், சங்காயம் என்கிற கழிவு மீன் ஒரு பக்கம் என்று ஏலம் ஓடும்போது பில் போடுவது வேறு வேலை. அந்த நெரிசலில் ஓட்டிப் பார்க்கத் தடைக்காலத்தில் வழியே கிடையாது. ஜூன் மாதக் கடைசியில்தான் எங்களுக்கு உண்மையான சோதனையே தொடங்கியது.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்பு சீசன் தொடங்குகிறதே என்று ஒரு பதிப்பைக் கொடுத்தோம். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து மீதியைப் பங்கு பிரிக்கும் இடத்தில் கோட்டை விட்டோம். 10,000 ரூபாயை ஏழு பங்காக்கினால் ஒரு பங்கு 1,428 ரூபாய் 57 காசு. ஆப் ஒவ்வொரு பங்கையும் முழு ரூபாயாக்கி 1,429 என்று அச்சடித்தது. ஏழையும் கூட்டினால் 10,003. அந்த மூன்று ரூபாய் யார் பணம்? எங்கள் மேசையில் நாங்கள் போட்டுப் பார்த்தது ஐந்து பங்கு, பத்துப் பங்கு. மிச்சமில்லாமல் பிரிகிற எண்கள். பாம்பனிலிருந்து ஒரு சம்மாட்டி (படகுச் சொந்தக்காரர்) அந்தச் சீட்டோடு பஸ் ஏறி வந்தார். மேசைமேல் சீட்டை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதனால் இந்த முறை படிப்படியாகத்தான். முதல் படி எங்கள் அலுவலகத்துக்குள். பழைய பில்களில் பெயரையும் போன் நம்பரையும் மாற்றிவிட்டு, அவற்றையே புது ஆப்பில் மறுபடி போட்டு, அன்றைக்கு வந்த விடை இன்றைக்கும் வருகிறதா என்று கம்ப்யூட்டரே ஒப்பிட்டுப் பார்க்கும். புரோகிராமில் ஒரு வரி மாறினாலும் முழுவதும் மறுபடி ஓடும். வரியும் இதில் அடக்கம்: பச்சை மீனுக்கு ஜிஎஸ்டி இல்லை, ஐஸுக்கு 5 சதவீதம், உதிரியாக எடை போட்டு விற்கிற கருவாட்டுக்கு இல்லை, அதையே பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டினால் 5 சதவீதம். ஒரே கடையில் நாலும் விற்பவர்கள் உண்டு, அவர்கள் பில்தான் எங்களுக்கு நல்ல பரீட்சை.

அடுத்தது ஆல்ஃபா. ஆப்பை எழுதாத ஆள் உட்கார்ந்து தட்டிப் பார்ப்பது. எழுதியவருக்கு எங்கே இடறும் என்று தெரியும், கை தானாகவே அதைச் சுற்றிப் போய்விடும். எங்கள் கணக்குப் பிள்ளைக்கு அந்தத் தயவெல்லாம் கிடையாது. எடை போடுகிற கட்டத்தில் பெயரை அடித்தார், பாதி பில்லில் போனை அணைத்தார். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு வாரத்தில் முடிந்தது.

அதிகம் சொல்ல வேண்டியது மூன்றாவதைப் பற்றித்தான். எங்கள் ஆள் உங்கள் கடைக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பார்ப்பது. மென்பொருளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் என்பவர் 2000-இல் எழுதியது இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது: ஐந்து பேரை இப்படிப் பார்த்தாலே ஆப்பைப் பயன்படுத்துவதில் உள்ள சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று. சரிதான், ஆனால் ஐந்து பேரும் ஒரே மாதிரி ஆட்களாக இருந்தால்தான் அந்தக் கணக்கு. ஐஸ் கம்பெனிக்காரர், கமிஷன் கடைக்காரர், கருவாடு விற்கும் அக்கா, கடற்பாசி வாங்கும் வியாபாரி என்று நம்மிடம் நாலு தினுசு. அதனால் தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை அலைந்தோம்.

எங்கள் ஃபேன் காற்றில் ஒருநாளும் கண்ணில் படாதவை அங்கே பட்டன. ஈரக் கை முதலாவது. ஐஸ் தண்ணீர் சொட்டும் விரலால் ஓரிடத்தை அழுத்தினால் போன் திரை வேறிடத்தை எடுத்துக்கொள்கிறது. 4 என்று அழுத்தியது 44 ஆனது. இப்போது எண் பட்டன்களைப் பெரிதாக்கி, நடுவில் இடம் விட்டிருக்கிறோம். வழக்கத்துக்கு மீறிய எடை வந்தால் "சரிதானா?" என்று ஒரு தடவை கேட்கும்.

இரண்டாவது, நடு இரவு. ஒரே படகின் மீனில் பாதி 11.50-க்கும் மீதி 12.10-க்கும் எடை போட்டார்கள். ஆப் அதை இரண்டு நாள் மீனாகப் பிரித்துவிட்டது! கீழக்கரை காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவர், "இதென்ன, பாதிப் படகு நேத்து வந்துச்சா?" என்று கேட்டதும் எங்கள் பையனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பகலில் மட்டும் சோதித்தால் இது எப்படித் தெரியும்? இனி தேதியை வைத்துப் பிரிக்காது, படகு வந்து இறங்கியதை வைத்துத்தான் கணக்கு.

மூன்றாவது தனுஷ்கோடி. கரைவலை மீன் வாங்கும் ஒருவரோடு எங்கள் பையன் இரண்டு நாள் இருந்தான். அங்கே போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்வது உங்களுக்குத் தெரிந்ததுதானே. சிக்னல் கோடு முழுசாக நிற்கும், நெட் மட்டும் இருக்காது. கோட்டைப் பார்த்து ஏமாந்த ஆப், பில்லை அனுப்பியே தீருவேன் என்று அப்படியே உறைந்து நின்றது. இப்போது பில் முதலில் போனிலேயே பதிவாகிவிடும். நெட் கிடைக்கும்போது மெதுவாக எங்களுக்கு வந்து சேரும்.

இவ்வளவும் ஆனபின்தான் பீட்டா. பீட்டா என்றதும் ஜல்லிக்கட்டு நினைவுக்கு வந்தால், அது வேறு பீட்டா. இது, முடிந்த மாதிரி இருக்கிற ஆப்பை உண்மையான வேலையில் சில கடைகள் ஓட்டிப் பார்ப்பது. இப்போது ஏழு கடைகளில் ஓடுகிறது. அந்த ஏழு பேரும் பழைய ஆப்பிலும் புதியதிலும் இரண்டு தடவை பில் போடுகிறார்கள். ராத்திரி இரண்டு மொத்தமும் ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போக வேண்டும். இரட்டை வேலை, அதுவும் தூக்கம் கெட்ட நேரத்தில். அவர்களுக்கு இந்த வருடச் சந்தாவில் பாதியைத் தள்ளுபடி செய்கிறோம். ஜிமெயில் 2004-இல் வந்து 2009 வரை பீட்டா என்ற ஒட்டோடுதான் இருந்தது. நாங்கள் அப்படி ஐந்து வருடம் இழுக்க மாட்டோம், நீங்களும் விட மாட்டீர்கள். தொடர்ந்து பன்னிரண்டு நாள் கணக்கு ஒத்துப்போனால், ஏழு பேரும் சரி என்று சொன்னால், பீட்டா முடிந்தது. இந்த மடல் எழுதும்போது ஒன்பதாவது நாள்.

அப்புறமும் எல்லோருக்கும் ஒரே நாளில் தர மாட்டோம். முதலில் பத்துக் கடை, ஒரு வாரம் கழித்து இன்னும் கொஞ்சம் என்று போகும். ஆனால் ஒரு கடைக்குள் மூன்று போன் இருந்தால் மூன்றையும் ஒரே வேளையில் மாற்றித் தருவோம். "கல்லாவில் இருக்கிற போனில் மட்டும் பழசே இருக்கட்டும்" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற பங்கு வியாபாரக் கம்பெனியில் எட்டு சர்வரில் ஏழுக்குப் புது மென்பொருள் போய்விட்டது, ஒன்றில் மட்டும் பழசு தங்கிவிட்டது. முக்கால் மணி நேரத்தில் சுமார் 44 கோடி டாலர் போய்விட்டது. உங்கள் கடையில் அவ்வளவு போகாது, ஆனால் ஒரே மீனை இரண்டு போன் இரண்டு விலையில் எழுதும்.

புதியது பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போகலாம். பழைய ஆப்பை வாடைக் காற்று தொடங்கும் வரை நிறுத்த மாட்டோம். புதியதில் போட்ட பில்களும் பழையதில் தெரியும்படி செய்திருக்கிறோம்.

ஏதாவது தகராறு என்றால் "வேலை செய்யல" என்று மட்டும் சொல்லாதீர்கள். கடைசியாக எதை அழுத்தினீர்கள், திரையில் என்ன வந்தது, அப்போது நெட் இருந்ததா, இந்த மூன்றையும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாலே போதும், தட்டச்சு செய்ய வேண்டாம். திரையை இன்னொரு போனில் படம் பிடித்து அனுப்பினால் இன்னும் நல்லது. அவசரப்பட்டு ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றாதீர்கள். எங்களுக்கு வந்து சேராத பில்கள் அதோடு போய்விடும்.

உங்கள் முறை வரும்போது இரண்டு நாள் முன்னதாகப் போன் செய்வோம். டோக்கன் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வருவோம். மாற்றித் தந்த மறுநாள் ஏலத்துக்கு எங்கள் ஆள் ஒருவர் உங்கள் கடையில் இருப்பார். அவருக்கு ஒரு டீ போதும். எந்தப் பட்டனை அழுத்துவது என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள், சொல்லக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்புகிறோம். நீங்கள் தடுமாறுகிற இடத்தை அவர் குறித்துக்கொண்டு வருவார்.

இப்படிக்கு,
உங்கள் பில்லிங் ஆப் கடைக்காரர்கள்,
ராமநாதபுரம்