பேனரில் கிம் யோன் கூங் படம் போட்ட அண்ணன்மார்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பகுதி வாலிபால் குழுவின் பெரியவர்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

பொங்கல் போட்டிக்கு நீங்கள் கட்டிய பேனரை பெங்களூரு ஸ்ரீராமபுரம் பக்கம் வந்துபோகிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். உள்ளூர்த் தலைவர்களின் கும்பிட்ட கைகளுக்கு நடுவே, பத்தாம் எண் சட்டையில் எகிறி அடிக்கிற ஒரு பெண். யார் இவர் என்று கேட்டேன். 'கூகுளில் கிடைத்தது, நல்ல போஸ்' என்றார் ஒரு அண்ணன். போஸ் நல்ல போஸ்தான். அவர் பெயர் கிம் யோன் கூங், தென்கொரிய வாலிபால் வீராங்கனை. அவர் கதை தெரிந்திருந்தால் படத்தைப் போடும் முன் கொஞ்சம் யோசித்திருப்பீர்கள். அந்தம்மா நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களோடு ஆடியதைவிட, நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டத்தை நடத்துகிறவர்களோடு மல்லுக்கட்டியதுதான் கடினமான ஆட்டம். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

போன வருடம் பெண்கள் அணிக்கு ஆள் எடுத்தபோது சுவரில் கோடு போட்டு உயரம் பார்த்தீர்கள். கோட்டுக்குக் கீழே நின்ற பிள்ளைகளை 'நீங்க த்ரோபால் ஆடுங்கம்மா' என்று அனுப்பிவிட்டீர்கள். 1988இல் பிறந்த கிம், அக்கா ஆடுவதைப் பார்த்து ஆரம்பப் பள்ளியிலேயே வாலிபாலுக்கு வந்தவர். நடுநிலைப் பள்ளியில் அவர் 170 செ.மீ.கூட இல்லை. அதனால் ஸ்மாஷ் அடிக்கும் இடம் கிடைக்கவில்லை. மற்றவர்கள் அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுத்தார், பின்வரிசையில் விழுந்து விழுந்து பந்தெடுத்தார். கால்பந்துக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். அப்புறம் உயர்நிலைப் பள்ளியில் மளமளவென்று 20 செ.மீ.க்கு மேல் வளர்ந்தார். கடைசியில் 192 செ.மீ. உங்கள் கோடு அவரையும் த்ரோபாலுக்கு அனுப்பியிருக்கும்.

அந்தக் குள்ள வருடங்கள்தான் அவரை உருவாக்கின என்பேன். உயரமான அட்டாக்கர்கள் பலருக்கு சர்வீஸ் எடுக்க வராது. எதிரணி அவர்களைத் தேடித் தேடி சர்வீஸ் போடும், நாமும் அதைத்தானே செய்கிறோம். கிம்மிடம் அது பலிக்காது. பந்தைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டு, ஓடிவந்து தானே அடிப்பார்.

2005இல் கொரிய லீக்கின் பிங்க் ஸ்பைடர்ஸ் அணியில் சேர்ந்து, முதல் சீசனிலேயே லீக்கின் சிறந்த வீராங்கனை ஆனார். பிறகு ஜப்பான், அங்கிருந்து 2011இல் துருக்கியின் ஃபெனர்பாச்சே. 2012இல் அந்த அணி ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றது. அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் 207 புள்ளிகள் எடுத்தார். கொரியா நான்காவது இடம்தான், பதக்கம் இல்லை. ஆனாலும் போட்டியின் சிறந்த வீராங்கனை விருது கிம்முக்கே போனது. நான்காவதாக வந்த அணியில் ஒருவரைத் தேடிப் போய் அந்த விருதைக் கொடுத்தார்கள் என்றால், எப்படி ஆடியிருப்பார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்துவிட்டு ஊருக்கு வந்தவரிடம், உள்ளூரில் ஆறு சீசன் முடிக்கவில்லை, இஷ்டப்படி அணி மாற உரிமை இல்லை என்றது பழைய கிளப்பான பிங்க் ஸ்பைடர்ஸ். வழக்கு சர்வதேச வாலிபால் கூட்டமைப்பு வரைக்கும் போய் இழுத்தது. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் கொரியப் பெண்கள் அணி தங்கம் வாங்கித் தந்தது. கொரிய வாலிபால் சங்கம் அதற்கு வைத்த விருந்து, கிம்ச்சிக் குழம்புக் கடையில். அது அங்கே நம் சாம்பார் சாதம் மாதிரி. தினமும் சாப்பிடுவது, நல்லதுதான், ஆனால் தங்கம் வாங்கின அன்றைக்கா? கிம் தன் காசைப் போட்டு அணியை வேறு கடைக்குக் கூட்டிப்போனார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அணிக்கு மொழிபெயர்ப்பாளர்கூட இல்லை. கேப்டனான அவரே ஆடவும் செய்தார், மொழிபெயர்க்கவும் செய்தார்.

நம் கதைக்கு வருகிறேன். ஜெயித்த ஆண்கள் அணிக்கு ரொக்கம், பிரியாணி. பெண்களுக்கு உச்சி வெயிலில் ஒரே ஒரு 'கண்காட்சி ஆட்டம்', முடிந்ததும் ஆளுக்கொரு டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸ்மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல கனமான எவர்சில்வர். ஆனால் போட்டி என்று அறிவித்துவிட்டுக் கண்காட்சி நடத்தினால், மாவட்ட அணிக்கு ஆள் பார்க்க வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள்?

நெட் விஷயம் அதைவிட மோசம். ஆண்கள் நெட் 2.43 மீட்டர், பெண்கள் நெட் 2.24. வருடம் முழுக்க நம் கம்பத்தில் 2.43தான். இறக்கிக் கட்டச் சொன்னால், 'உயரத்தில் பழகினால் பலம் வரும்' என்கிறீர்கள். எனக்குத் தெரிந்து தோள்பட்டை வலிதான் வருகிறது. பந்தை நெட்டுக்கு மேலே தூக்கிவிடவே பழகுகிற பிள்ளை, கீழே இறக்கி அடிக்கப் பழகுவதில்லை. கண்டீரவா ஸ்டேடியத்தில் சரியான உயர நெட்டைப் பார்த்ததும் டைமிங் மொத்தமும் போய்விடுகிறது.

நேரமும் அப்படித்தான். ஆறு மணிக்கு லைட் எரிந்ததும் கோர்ட்டு ஆண்களுக்கு. பெண்களுக்குக் கொடுத்திருப்பது நாலிலிருந்து ஐந்து. பாதிப் பேர் அப்போதுதான் பள்ளியிலிருந்தே கிளம்புகிறார்கள். பிறகு, 'பெண் பிள்ளைகள் வருவதில்லை' என்று கூட்டத்தில் சொல்கிறீர்கள். 2023இல் கர்நாடக அரசின் சக்தி திட்டத்தில் பெண்களுக்கு அரசு பஸ் இலவசமானதிலிருந்து பல வீட்டுப் பிள்ளைகள் தூரத்து மைதானங்களுக்குப் போய்ப் பழகுகிறார்கள். ஆட வருகிற பிள்ளைகள்தான், ஆனால் இங்கே வருவதில்லை. அம்மாக்களிடம் பேசிப் பார்த்தேன். யாரும் வாலிபால் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளிச்சம் வேண்டும், தாழ்ப்பாள் போடுகிற கழிவறை வேண்டும் என்கிறார்கள்.

பணம் இல்லை என்பீர்கள். பெரிய இடத்திலும் இதே பல்லவிதான்: நம் நாட்டின் பிரைம் வாலிபால் லீக் 2022இல் தொடங்கி 2025 வரை நான்கு சீசன் நடந்தது, நான்கும் ஆண்களுக்கு. நம் பெங்களூரு டார்பிடோஸ் அணி 2025இல் கோப்பை வென்றபோது நானும்தான் கைதட்டினேன். பணத்தில் கிம் எப்படி நடந்துகொண்டார் என்றும் சொல்லிவிடுகிறேன். 2020இல் பழைய அணிக்கே திரும்பியபோது தன் சம்பளத்தைப் பெருமளவு குறைத்துக்கொண்டார். அணிக்கு மொத்தச் சம்பள வரம்பு உண்டு. தன்னால் மற்ற பெண்களின் பங்கு குறையக்கூடாது என்பது அவர் எண்ணம். அடுத்த வருடம் டோக்கியோ ஒலிம்பிக்கில் மறுபடி நான்காம் இடம், அதோடு தேசிய அணியிலிருந்து விலகினார். 2025 ஏப்ரலில், 37 வயதில், கொரிய லீக் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தை ஐந்து செட் ஆடி ஜெயித்துக் கோப்பையோடு ஓய்வு பெற்றார். ரொக்கப் பரிசை இரண்டாகப் பிரித்தால் நம் பையன்களுக்கும் ஒன்றும் குறைந்துவிடாது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் பிள்ளைகளையும் அவர்கள் அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். வாரத்தில் மூன்று நாள் ஆறிலிருந்து ஏழரை வரை கோர்ட்டு, அடுத்த பொங்கலுக்கு முழு பெண்கள் போட்டி, சம பரிசு. கேட்கப்போவது இவ்வளவுதான். கம்பத்தில் 2.24க்கு இன்னொரு கொக்கி வைக்க வெல்டரிடம் பேசிவிட்டேன், கூலியும் நாங்களே கொடுத்துவிடுகிறோம். கம்பத்தில் கைவைக்கக் குழுவின் சம்மதம் வேண்டும் என்கிறார். அதைக் கூட்டத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் மறுநாள் காலையிலேயே வேலையைத் தொடங்கிவிடுவார்.

இப்படிக்கு,
நாலு மணிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் அக்கா